புயல் வந்தால் போன் அம்போ! வானூர் கடற்கரைக்கு வேண்டும் தனி ஒயர்லெஸ்

கிழக்கு கடற்கரைச் சாலையில் இரவு 11 மணிக்கு ஒரு வேன் கவிழ்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடி வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா?

"இது தமிழ்நாடா, பாண்டியா?"

கேள்வியில் தப்பே இல்லை. இந்தப் பகுதியின் பூகோளம் அப்படி!

புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடு. பிள்ளைச்சாவடி வந்ததும் மறுபடி புதுச்சேரி. காலாப்பட்டும் கனகசெட்டிக்குளமும் அதே சர்க்கார்தான். அதையும் தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டு. மீண்டும் தமிழ்நாடு! அப்படியே கூனிமேடு, மரக்காணம் உப்பளம் வரை போகிறது. பதினைந்து கிலோமீட்டருக்குள் மூன்று தடவை எல்லை மாறுகிறது. பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன சொத்து இது.

எல்லை எங்கே என்று 'குடி'மக்களுக்கு அத்துப்படி. பிராந்திக் கடை போர்டைப் பார்த்தே சொல்லி விடுவார்கள். தலைவலி எல்லாம் ஒயர்லெசுக்குத்தான்.

இரண்டு சர்க்கார், இரண்டு ஒயர்லெஸ்

தமிழக போலீசுக்கு ஒரு கண்ட்ரோல் ரூம். புதுச்சேரி போலீசுக்கு வேறொரு கண்ட்ரோல் ரூம். தீயணைப்புப் படையும் அப்படித்தான். ஆம்புலன்சும் அப்படித்தான். அடிபட்டவரைக் கடைசியில் கொண்டு போவது என்னவோ பெரும்பாலும் கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு! அது புதுச்சேரி. அடிபட்ட இடம் தமிழ்நாடு. நடுவில் பேச்சுவார்த்தை எல்லாம் யாராவது ஒரு அதிகாரியின் சொந்த செல்போனில் நடக்கிறது. அவர் நம்பர் இவரிடம் இருந்தால் சரி. இல்லாவிட்டால்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வானூர், ஆரோவில் வட்டாரத்தில் வீட்டு டெலிபோனுக்கு எஸ்.டி.டி. கோடு 0413. புதுச்சேரியின் கோடு அது! விழுப்புரத்துக்கு 04146 என்று தனியாக இருக்கிறது. ஆனாலும் வானூரைப் புதுச்சேரியோடுதான் இணைத்தார்கள். சந்தை, ஆஸ்பத்திரி, காலேஜ், கல்யாண ஜவுளி எல்லாவற்றுக்கும் வானூர்க்காரர் புதுச்சேரிக்குத்தான் போகிறார். டெலிபோன் இலாகாவுக்கு இருந்த அந்த நடைமுறைப் புத்தி போலீஸ், தீயணைப்பு இலாகாக்களின் ஒயர்லெசுக்கு மட்டும் வரவில்லை.

வாக்கி டாக்கியைக் கேலி செய்யாதீர்கள்!

"கையில் ஆளுக்கொரு செல்போன் இருக்கு. இன்னும் எதுக்கய்யா அந்தக் கரகர பெட்டி?" என்று டீக்கடை பெஞ்சில் கேட்பார்கள். கேட்கட்டும். விஷயம் வேறு.

வாக்கி டாக்கியில் பொத்தானை அமுக்கிப் பேசினால் அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழும். நம்பர் போட வேண்டாம். மணி அடிக்கக் காத்திருக்க வேண்டாம். "நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர்..." என்று ஒரு அம்மாள் குறுக்கே வந்து பேசமாட்டார். டவர் செத்துப் போனாலும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் தீயணைப்பு வீரருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

குறை என்னவென்றால், அது குரலை மட்டும்தான் சுமக்கும். படம் அனுப்ப முடியாது. மேப் காட்டாது. ஆள் எங்கே நிற்கிறார் என்று பழைய பெட்டிக்குத் தெரியாது. ஒரு இலாகாவின் பெட்டி இன்னொரு இலாகாவின் பெட்டியோடு பேசாது. அலைவரிசை வேறு, சங்கேதம் வேறு.

செல்போன் நேர் எதிர். படம் போகும், வீடியோ போகும், இருக்கும் இடம் தெரியும். ஆனால் அவசரம் என்று வந்தால் முதலில் படுப்பது அதுதான்.

டவர் ஏன் படுக்கிறது?

செல்போன் டவருக்கு உயிர் கரண்டில் இருக்கிறது. கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர். ரோட்டில் மரம் விழுந்து கிடந்தால் டீசல் யார் கொண்டு போவது? டவரையும் எக்ஸ்சேஞ்சையும் இணைக்கும் கண்ணாடி இழைக் கேபிள் ஒரு இடத்தில் அறுந்தால், நிமிர்ந்து நிற்கும் டவரும் வெறும் இரும்புதான். எல்லாம் நன்றாக இருந்தாலும், "அங்கே எப்படி இருக்கு?" என்று ஊரே ஒரே நேரத்தில் போன் போடும். லைன் அடைத்துக்கொள்ளும். மாமியாரை நலம் விசாரிக்கும் போனுக்கும் ஆம்புலன்ஸ் டிரைவரின் போனுக்கும் டவர் ஒரே மரியாதைதான் தருகிறது!

இந்தக் கரை பட்டது கொஞ்சமா? 2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே புகுந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2020 நவம்பர் 25 நள்ளிரவில் 'நிவர்' புதுச்சேரிக்கு வடக்கே, இதே வானூர் - மரக்காணம் கரையை ஒட்டித்தான் ஏறியது. 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்'. கரையைக் கடந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. நகராமல் அங்கேயே பல மணி நேரம் குந்திக்கொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பக்கத்து மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர்! புதுச்சேரி தெருக்களில் ராணுவம் வந்து படகு விட்டது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இதே கதை. கோடிக்கணக்கில் செல்போன் உள்ள நகரத்தில் அடுத்த தெருவுக்குப் பேச முடியவில்லை. சொந்த ஒயர்லெஸ் வைத்திருக்கும் 'ஹாம்' பொழுதுபோக்குக்காரர்கள்தான் பல இடங்களில் தகவல் கொண்டுபோனார்கள். 2004 சுனாமியில் அந்தமான் துண்டிக்கப்பட்டபோதும் அப்படியே. தற்செயலாக போர்ட் பிளேருக்கு ஹாம் முகாம் போட வந்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் கருவிதான் வெளியுலகத்தோடு பேசியது. தற்செயலாக! அதை நம்பி ஒரு சர்க்கார் உட்கார்ந்திருக்கலாமா?

வீடூரில் திறந்தால் வில்லியனூருக்குத் தெரிய வேண்டாமா?

இந்த வட்டாரத்தில் தகவல் ஏன் எல்லை தாண்டி ஓடவேண்டும் என்பதற்கு சங்கராபரணி ஆற்றைப் பாருங்கள். வீடூர் அணை விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. மதகைத் திறப்பது தமிழக நீர்வளத்துறை. தண்ணீர் இறங்குவது வில்லியனூர் பக்கம். அது புதுச்சேரி. தண்ணீருக்கு எந்த மாநிலம் என்று கேட்கத் தெரியாது. ஃபெஞ்சல் மழையில் அணையும் நிரம்பியது, ஆறும் பொங்கியது.

மதகில் நிற்கும் என்ஜினீயர் சொல்வது மேலதிகாரிக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் போய், அங்கிருந்து பக்கத்து சர்க்காருக்குப் போய், அங்கே கீழே இறங்கி கரையோர போலீஸ்காரர் காதுக்கு வர எத்தனை கை மாறவேண்டும்? மதகு திறக்கும் வீடியோவும் நீர்மட்டமும் அந்த நிமிஷமே இரண்டு பக்கத்து கண்ட்ரோல் ரூம் திரையிலும் தெரிந்தால் எப்படி இருக்கும்?

இதற்குப் பெயர்தான் அவசரப் பணியாளர்களுக்கான பிராட்பேண்ட் ஒயர்லெஸ். வாக்கி டாக்கியின் 'அமுக்கிப் பேசு' வசதியும் செல்போனின் படமும் மேப்பும் ஒரே கருவியில். மீட்புப் பணியில் இருப்பவர் பேசினால் மற்ற பேச்சு ஒதுங்கி வழிவிடும். சைரன் கேட்டால் லாரியும் பஸ்சும் ஒதுங்குவதில்லையா, அந்த மாதிரி! உலக செல்போன் தரத்தை வகுக்கும் அமைப்பு 2016-லேயே இதை 4ஜி-யில் சேர்த்துவிட்டது. கனவு அல்ல, கடையில் கிடைக்கும் சரக்கு.

திருவக்கரை பக்கம் கல் குவாரியில் ஒருவர் சிக்கிக்கொண்டால், ஆம்புலன்சில் ஏற்றும்போதே அவர் நாடித்துடிப்பும் படமும் ஜிப்மர் டாக்டருக்குப் போய்விடும். கழுவெளி ஏரி நிரம்பினால் எந்த ரோடு தண்ணீருக்குள் போச்சு, எது தப்பிச்சுது என்று மரக்காணத்திலிருந்து வரும் மீட்பு வண்டிக்கு மேப்பிலேயே தெரியும். உப்பளத்தில் வேலை செய்பவர்களை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி. ஒதுங்க மரம் இல்லை. ஒருவர் விழுந்துவிட்டால் ஆம்புலன்சுக்கு அடையாளம் சொல்ல அங்கே என்ன இருக்கிறது? மூணாவது வரப்புக்கு அந்தாண்டே என்று எத்தனை தடவை சொல்வது? இருக்கும் இடம் தானாகத் திரையில் விழவேண்டும்.

அமெரிக்கா உயிரைக் கொடுத்துக் கற்றது

"இதெல்லாம் பணக்கார நாட்டு வேலை" என்பார்கள். அந்தப் பணக்கார நாடே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் முதல் கோபுரம் சரிந்தது. போலீஸ் ஹெலிகாப்டர்களிலிருந்து எச்சரிக்கை போலீஸ் ஒயர்லெசில் போனது. இரண்டாவது கோபுரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் பலருக்கு அது கேட்கவில்லை. அவர்கள் ஒயர்லெஸ் தனி. வெளியே வரச் சொன்ன உத்தரவும் பலர் காதில் விழவில்லை. அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர்.

அதற்குப் பிறகும் சட்டம் வர 2012 ஆகிவிட்டது. நாடு முழுக்க அவசரப் பணியாளர்களுக்கென்று தனி அலைவரிசை, தனி அமைப்பு, 700 கோடி டாலர் பணம். 2017-ல்தான் டெலிபோன் கம்பெனியோடு ஒப்பந்தம். தென்கொரியாவில் 2014-ல் செவோல் என்ற கப்பல் மூழ்கி 304 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், செத்தார்கள். மீட்புக்கு வந்த படைகள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் திணறியது ஊர் சிரித்தது. ஏழே வருஷத்தில் நாடு முழுக்க ஒரே வலை போட்டு முடித்தார்கள்.

இங்கே? டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜூனில் மத்திய சர்க்காருக்குப் பரிந்துரை கொடுத்தது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பேரிடர் படை எல்லோருக்கும் நாடு முழுக்க ஒரே பிராட்பேண்ட் வலை. அதற்குத் தனி அலைவரிசை. நடத்துவதற்குத் தனி அமைப்பு. நல்ல பரிந்துரை. அதன் பிறகு நிவர் வந்தது, மாண்டஸ் வந்தது, ஃபெஞ்சல் வந்தது. வலை வரவில்லை.

சும்மா இருந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் செல்போன்கள் எல்லாம் ஒன்றாக அலறியது நினைவிருக்கும். பஸ்சில் போனவர்கள் பதறிப்போய் போனைத் தூக்கிப் பார்த்தார்கள். புயல் எச்சரிக்கைக்கு அது ஒத்திகை. அதே வருஷம் ஜூனில் குஜராத்தில் 'பிபர்ஜாய்' புயலின்போது எந்தக் கம்பெனி சிம் வைத்திருந்தாலும் எந்தக் கம்பெனி டவரிலும் பேசலாம் என்று திறந்துவிட்டார்கள். ஒடிசாவில் 1999 பெரும்புயலில் பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த பிறகு, 2018-ல் கடற்கரை நெடுக 122 இடங்களில் சைரன் கோபுரம் நிறுத்தினார்கள். எல்லாம் சரி. ஆனால் இவை பொதுமக்களை எச்சரிக்க. எச்சரிக்கை வந்தபிறகு காப்பாற்றப் போகிறவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வில்லியனூரில் எப்போதோ செய்தார்கள்!

இதற்கு நியூயார்க் போகவே வேண்டாம். வானூருக்குப் பக்கத்து வில்லியனூரிலேயே பாடம் இருக்கிறது.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு மையம் வைத்தது. சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்கள். கிராமத்து டெலிபோனை நம்பினால் ஆகாது என்று தெரிந்து, இருவழி ஒயர்லெஸ் கருவி வைத்து அதிலேயே குரலையும் கம்ப்யூட்டர் தகவலையும் அனுப்பினார்கள். கரண்டை நம்ப முடியாது என்று சூரிய ஒளித் தகடு. வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று அமெரிக்கக் கடற்படையின் தகவலை எடுத்து, லவுட்ஸ்பீக்கரில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். செல்போன் பணக்காரர் பையில் மட்டும் இருந்த காலம் அது!

2004 டிசம்பர் 26. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு குப்பம். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப் பையன் டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். கடலும் ஒரு மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் லவுட்ஸ்பீக்கரைப் போட்டு, எல்லோரும் ஓடுங்கள் என்று கத்தினார்கள். சுமார் 500 குடும்பங்கள் உள்ள ஊர். வீடு போச்சு, படகு போச்சு. ஆள் போகவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு போன் கிடைத்தது, ஒரு லவுட்ஸ்பீக்கர் வேலை செய்தது, அதைப் போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தார். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால்?

கடலில் போனவர் பாடு இன்னும் மோசம். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து கத்தினாலும் ஒயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் கருவிகளைப் படகுகளில் வைப்பதில் வேகம் பிறந்தது. வானூர், மரக்காணம் குப்பங்களில் பைபர் படகுகள் அதிகம். ரொம்ப தூரம் போவதில்லை. கரையில் ஒயர்லெஸ் உயிரோடு இருந்தால் அவர்களுக்குச் சேதி எட்டிவிடும். இருந்தால்!

இப்போதே செய்யக்கூடியது

நாடு தழுவிய வலை வரும்போது வரட்டும். டெல்லி பைல் மெதுவாகத்தான் நகரும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை இரண்டு சர்க்காருக்கும் பொதுவாக ஒரே ஒரு அவசர அலைவரிசை. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மின்வாரியம், தாசில்தார் ஆபீஸ் எல்லோருக்கும் அதில் இடம். மின்வாரியத்தை யாரும் நினைப்பதில்லை. வெள்ளத்தில் இறங்கும் முன் "லைன் ஆப் பண்ணியாச்சா?" என்று தீயணைப்பு வீரர் கேட்கவேண்டிய ஆள் அந்த லைன்மேன்தான்! இதற்குப் பெரிய செலவு கிடையாது. இரண்டு கண்ட்ரோல் ரூமிலும் பக்கத்து சர்க்காரின் கருவி ஒன்றை வாங்கி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது டவர். எல்லா டவரையும் காப்பாற்ற முடியாது. வானூர், காலாப்பட்டு, மரக்காணம் என்று மூன்று நான்கு இடங்களில் மட்டும் சூரிய ஒளி, பெரிய பேட்டரி, செயற்கைக்கோள் இணைப்போடு, கரண்ட் போனாலும் மூன்று நாள் தாங்கும் டவர் வேண்டும். புயல் சின்னம் உருவானதுமே அந்த டவர்களில் மீட்புப் படைக்கு முன்னுரிமை தரச் சொல்லி கம்பெனிகளுக்கு உத்தரவு போடலாம். அரக்கோணத்திலிருந்து தேசிய பேரிடர் படை வண்டி கிளம்பும்போதே அவர்கள் கையிலும் இந்தப் பொது அலைவரிசைக் கருவி இருக்கவேண்டும். வந்து இறங்கிய பிறகு, "உங்க நம்பர் சொல்லுங்க சார்" என்று பேனா தேடக்கூடாது.

சாமான் வாங்கிப் பூட்டி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. சர்க்கார் ஆபீசில் பேட்டரி செத்த வாக்கி டாக்கிக்குப் பஞ்சமா என்ன? மாதம் ஒருநாள் சும்மாவாவது பேசிப் பார்க்கவேண்டும். குப்பங்களில் பத்து இளைஞர்களுக்குப் பழக்கவேண்டும். தண்டோராவை 2022-ல் தமிழக சர்க்கார் வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் பறை அடித்த மனிதருக்கு ஊரில் எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள் என்று தெரியும். எந்த பிராட்பேண்டுக்கும் அது தெரியாது. உள்ளூர் ஆள் கையில் கருவி இருக்கவேண்டியது அதனால்தான்.

வடகிழக்கு பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் ஒரு முன்னேற்பாட்டுக் கூட்டம், புதுச்சேரி கலெக்டர் ஆபீசில் ஒரு முன்னேற்பாட்டுக் கூட்டம் என்று தனித்தனியாக டீ, பிஸ்கட் கொடுத்து நடத்துவதை இந்தத் தடவை ஒரே மேஜையில் நடத்தட்டும். அவரவர் ஒயர்லெசை அவரவர் கையோடு கொண்டுவந்து, எதிரே உட்கார்ந்திருப்பவரோடு அதில் பேசிப் பார்க்கட்டும். இடம் தேட வேண்டாம். கோட்டக்குப்பம் போதும். விழுப்புரத்துக்காரர்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். புதுச்சேரி அதிகாரிகள் டவுன் பஸ்சிலேயே வந்துவிடலாம்.